கேரமன் கட்சி

டிராகன்லான்ஸ் என்ற மாயாஜாலக் கதைத் தொடரில் ஊறியவர்களிடம் 'தி சோல்ஃபோர்ஜ்' நாவல் எப்படி என்று கேட்டால், நாவலைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வார்கள். அதற்குள் பேச்சு பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தாக மாறிவிடும். அதன் நாயகனான மந்திரவாதி ரைஸ்ட்லின் இப்படிக் கசந்துபோனதற்கு யார் பொறுப்பு? தம்பியைக் கைக்குழந்தைபோலவே கடைசிவரை நடத்திய கேரமனா? அண்ணன் காட்டிய அன்பையெல்லாம் அவமானமாகவே எடுத்துக்கொண்ட ரைஸ்ட்லினா? இவ்வளவுக்கும் இருவரும் இரட்டையர்கள். அண்ணன் தம்பி என்று சொல்வதே சில நிமிட வித்தியாசத்தை வைத்துத்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களை வைத்து வாசகர்கள் நாற்பது வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேரமன் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வீட்டில் மூத்தவளாகப் பிறந்து, நோஞ்சானாக இருந்த தம்பிக்கு மருந்து கொடுத்தே வளர்ந்தவள் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்? எனவே கீழே வருவதை நடுநிலையான மதிப்புரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதையின் முடிச்சுகளையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். அவற்றை மறைத்துவிட்டு இந்த நாவலைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது.

பரிச்சயம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் முன்விவரம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து இயங்கியது. அங்கே வேலை பார்த்த மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் சேர்ந்து எழுதிய 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் டுவைலைட்' 1984இல் வெளிவந்தது. கிரின் என்ற கற்பனை உலகம், அதில் ஐந்து வருடப் பிரிவுக்குப் பிறகு ஒரு விடுதியில் சந்திக்கும் நண்பர் குழாம், வந்துகொண்டிருக்கும் பெரும்போர். அந்தக் குழாமில் இரண்டு பேர்தான் கேரமன், ரைஸ்ட்லின் மஜேர். ஒருவன் மலைபோன்ற உடம்புடைய வாள்வீரன். மற்றவன் இருமி இருமி ரத்தம் துப்புகிற, சிவப்பு அங்கி அணிந்த மந்திரவாதி. தோல் தங்க நிறம். கண்மணிகள் மணற்கடிகை வடிவம். அந்தக் கண்களால் எதைப் பார்த்தாலும் அது மூப்படைந்து அழிவதாகவே தெரியும். இளம்பெண்ணைப் பார்த்தால் கிழவியும் பிணமும் தெரியும்.

நாவல் எழுதப்படுவதற்கு முன் இந்தக் கதை விளையாட்டு மேசையில் ஆடிப் பார்க்கப்பட்டது. அதில் ரைஸ்ட்லினாக விளையாடிய டெர்ரி ஃபிலிப்ஸ் என்பவர் கரகரத்த கிசுகிசுப்பான குரலில் பேசத் தொடங்க, அந்தக் குரலே பாத்திரமாகிவிட்டது என்று ஹிக்மன் சொல்லியிருக்கிறார். துணைப்பாத்திரமாக வந்தவன் மொத்தத் தொடரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். 1986இல் வந்த அடுத்த மூன்று நூல்கள் முழுக்க முழுக்க இரட்டையர் கதை. அவற்றின் தலைப்புகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1998இல், இருவரும் பிறந்து வளர்ந்த கதையை வைஸ் தனியாக எழுதினார். அதுதான் 'தி சோல்ஃபோர்ஜ்'.

இந்த முன்கதையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிகவும் சாதாரணமானது, முடிவு முன்பே தெரியும் என்பது. ரைஸ்ட்லின் பிழைப்பான், மந்திரவாதியாவான், உயர் சூனியக் கோபுரத்தில் நடக்கும் தேர்வில் உடல்நலத்தை இழந்து வருவான், அந்தத் தேர்வில் தன் இரட்டையனின் மாயவடிவத்தைக் கொன்றிருப்பான். எல்லாம் முதல் மூன்று நூல்களிலேயே சொல்லப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, அந்தத் தேர்வுக் காட்சி 1984 மார்ச்சில் 'டிராகன்' இதழில் சிறுகதையாகவும் வந்துவிட்டது. அதாவது நாவலின் உச்சக்கட்டம் நாவலைவிடப் பதினான்கு வயது மூத்தது. முதல் டிராகன்லான்ஸ் நாவலைவிடவும் சில மாதங்கள் மூத்தது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. அபிமன்யு சாவான் என்று தெரியாமலா விடிய விடியக் கூத்து பார்த்தார்கள்? ஒரு முன்கதையில் என்ன நடக்கும் என்பதற்காக யாரும் பக்கம் புரட்டுவதில்லை. எந்த இடத்தில் இது வேறுவிதமாகப் போயிருக்கலாம் என்று தேடித்தான் புரட்டுகிறோம். இந்த நாவலில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. அவற்றில் பாதியில் கேரமன் நின்றுகொண்டிருக்கிறான்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. முதல் நூல்களில் ரைஸ்ட்லினின் வசீகரமே அவனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். தேநீர்போல எதையோ காய்ச்சிக் குடிக்கிறான், ஏளனமாகச் சிரிக்கிறான், எல்லோரையும் வெறுக்கிறான். திடீரென்று யாரும் மதிக்காத பாமரக் குள்ளக் கூட்டத்திடம் மட்டும் கனிவாக நடக்கிறான். அது ஏன் என்று நூல் சொல்வதில்லை. நாமாக ஊகித்துக்கொள்கிறோம். 'தி சோல்ஃபோர்ஜ்' இந்த ஊகங்களுக்கெல்லாம் பற்றுச்சீட்டு போட்டுக் கொடுக்கிறது என்பது பலரின் ஆதங்கம். தாய் ரோசமுன் அடிக்கடி மயக்கநிலைக்குள் போய் இல்லாததைக் கண்டு பேசுகிறவள். அந்த வரமும் சாபமும் மகனுக்கு வந்தது. பள்ளியில் மற்றப் பையன்கள் கேலி செய்தார்கள், அடித்தார்கள். விறகுவெட்டியான தந்தை கிலான் மரம் வெட்டும் இடத்தில் அடிபட்டு இறந்தார், தாயும் பின்னாலேயே போனாள். மனதுக்குள் விரும்பிய பெண் கேரமனிடம் போனாள். இவ்வளவும் நடந்தால் யார்தான் கசந்துபோக மாட்டார்கள்?

இதில் நான் பாதி உடன்படுகிறேன். தாய் பற்றிய பகுதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ரோசமுனைப் பைத்தியம் என்று ஊர் ஒதுக்குகிறது. அவளிடம் இருப்பது பயிற்சி கிடைக்காத மந்திர ஆற்றலாக இருக்கலாம் என்று நாவல் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. தனக்கும் இதுதான் கதியோ என்ற பயத்தில்தான் ரைஸ்ட்லின் மந்திரத்தை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறான். இது பாத்திரத்தைச் சிறுக்கவைக்கவில்லை. அந்தப் பெண் விவகாரம்தான் என் பொறுமையைச் சோதித்தது. ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திச் சகோதரர்களைப் பிரிப்பதைவிட மலிவான வழி கதை எழுதுகிறவர்களுக்குக் கிடையாது. அதுவும் இந்த இருவருக்கும் அது தேவையே இல்லை. தன்னால் முடியாதது அண்ணனுக்கு மூச்சு விடுவதுபோல் வருகிறது என்பதைக் கண்டுகொள்ள ரைஸ்ட்லின் அவர்கள் இருவரையும் ஒரு வைக்கோல் கொட்டகையில் பார்த்தாக வேண்டுமா? கேரமன் எட்டு வயதில் மரம் ஏறுவதைப் பார்த்தாலே போதுமே.

நாவலைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பகுதியைத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆன்டிமோடஸ் என்ற வெள்ளங்கி மந்திரவாதி ஊருக்கு வருகிறார். தாய் ஒருத்தி, தந்தை வேறான அக்கா கிட்டியாரா அவரைப் பிடித்து, தம்பிக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுக்கிறாள். ஆசிரியர் தியோபால்ட் திறமை குறைந்தவர், கற்பனை அதைவிடக் குறைந்தவர். அவரைவிடத் தான் புத்திசாலி என்பது சிறுவனுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மந்திரப் பள்ளி என்றதும் பறப்பதும் வெடிப்பதும் எதிர்பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது எழுத்துப் பயிற்சி. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுது. உச்சரிப்பில் ஓர் அசை பிசகினால் மறுபடியும் தொடங்கு. ஆட்டுத்தோலில் இரண்டே சொல் எழுதச் சொல்லும் ஒரு தேர்வு, வாள்சண்டைக்குரிய பதற்றத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. மூல விளையாட்டில், மனப்பாடம் செய்த மந்திரத்தை ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுநாள் உட்கார்ந்து மறுபடியும் படித்தாக வேண்டும். ஆட்டம் சமநிலையில் இருப்பதற்காகப் போட்ட விதி அது. வைஸ் அதை ஒரு பையனின் வாழ்க்கைமுறையாக மாற்றிவிடுகிறார். சம்பாதித்ததெல்லாம் தினமும் கரைந்துபோகும், தினமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி வளர்ந்தவனுக்கு, பிறவியிலேயே பலசாலியாக இருப்பவனைப் பார்த்தால் என்ன தோன்றும்? பொறாமையின் காரணம் அந்தப் பெண்ணிடம் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இந்த நாவலின் உண்மையான பொருள் மந்திரமும் இல்லை, தீமையின் தோற்றமும் இல்லை. ஒருவர் தயவில் உயிர் வாழ்வது எப்படிப்பட்ட அனுபவம் என்பதுதான். கேரமன் முதலில், கொழுகொழுவென்று பிறக்கிறான். பின்னால் வந்த ரைஸ்ட்லின் பிழைக்க மாட்டான் என்று கைவிடப்பட்ட குழந்தை. கிட்டியாரா விடாப்பிடியாக அவனைப் பிழைக்கவைக்கிறாள். அவளே சிறுமி. பிடிவாதத்தில் அவனுக்குக் குறைந்தவள் இல்லை. ஆனால் பிழைக்கவைத்துவிட்டு அவள் தன் வழியில் போய்விடுகிறாள். போரும் சம்பளமும் தேடும் பெண் அவள். அதனால்தான் ரைஸ்ட்லினுக்கு அவள்மீது வெறுப்பு வருவதே இல்லை. கடன் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவள் அவள். கேரமன் போகவில்லை. தினமும் காலையில் எழுந்து, போர்த்திவிட்டாயா, சாப்பிட்டாயா, குளிரவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அடிக்க வருபவனை முன்னால் போய் அடிக்கிறான். தம்பி அழைக்காத சண்டைகளையும் தம்பிக்காகப் போடுகிறான். ரைஸ்ட்லின் கழைக்கூத்தாடிகளைப் போலக் கைவித்தை காட்டிச் சந்தையில் காசு சம்பாதிக்கத் தொடங்கும் அத்தியாயங்களில் அவனிடம் வரும் மலர்ச்சியைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். நோயாளி என்ற இரக்கத்துக்கு இல்லாமல் விரல்களின் திறமைக்காக ஊர் அவனைப் பார்க்கும் ஒரே நேரம் அது.

இவ்வளவு தூரம் வந்தவுடன் ரைஸ்ட்லின் கட்சியினர் வெற்றிப் புன்னகை செய்வார்கள். பார்த்தீர்களா, உங்கள் கேரமன் அவனை மூச்சுமுட்டவைத்தான் என்பார்கள். தம்பிக்கு அவன் தேவைப்பட்டதைவிட அவனுக்குத்தான் தம்பி தேவைப்பட்டான் என்பது அவர்களின் வலுவான வாதம். பின்னால் வரும் நூல்கள் அதை உறுதிப்படுத்துகின்றன. 'டைம் ஆஃப் தி டுவின்ஸ்' தொடக்கத்தில் தம்பி இல்லாத கேரமன் குடித்துக் குடித்துத் தடித்து, மனைவி டிக்காவுக்குப் பாரமாகக் கிடக்கிறான். பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அவன் யாரென்றே அவனுக்குத் தெரிவதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த முன்கதையைப் படித்துவிட்டு எனக்கு எழும் கேள்வி வேறு. பெற்றோர் இருவரும் போன வீட்டில், அக்கா வெளியேறிவிட்ட வீட்டில், பதின்வயதுப் பையன் ஒருவன் இன்னொரு பையனுக்குச் சமைத்துப் போட்டு, கூலி வேலைக்குப் போய், அவன் படிப்பைத் தொடர வழிசெய்கிறான். அவனுடைய துக்கம் எங்கே? அவனுக்கும்தானே தாய் செத்தாள்? நாவல் கேரமனின் மனதுக்குள் எட்டிப்பார்க்கிறது, ஆனால் தங்குவதில்லை. அங்கே நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் பசியும், பெண்களும், தம்பியைப் பற்றிய கவலையும்தான். இரட்டையர் கதை என்று சொல்லிவிட்டு ஒருவனுக்கு மட்டும் உள்ளம் கொடுப்பது என்ன நியாயம்?

வைஸ் தெரிந்தேதான் இப்படிச் செய்திருக்கிறார் என்று வாதிடும் வாசகர்கள் உண்டு. நாவல் ரைஸ்ட்லினின் கண்வழியே நகர்கிறது, அவன் கண்ணுக்குக் கேரமன் எருமைமாடுபோல் தெரிவதால் நமக்கும் அப்படித் தெரிகிறான் என்பது அவர்கள் வாதம். கெட்டிக்கார வாதம். அது உண்மையாக இருந்தால், எங்காவது ஓரிடத்தில் அந்தப் பார்வை தவறு என்று நாம் உணரும்படி ஒரு விரிசல் விழ வேண்டும். பெல்சோர் என்ற போலிக் கடவுளின் பெயரால் நடக்கும் மோசடியை ரைஸ்ட்லின் அம்பலப்படுத்தப்போய் உயிருக்கே ஆபத்தாகும் பகுதியில் அந்த விரிசல் விழப் பார்க்கிறது. அண்ணனின் முரட்டு விசுவாசம் இல்லாவிட்டால் தம்பி தப்பியிருப்பது கஷ்டம். ஆனால் அடுத்த சில பக்கங்களிலேயே கேரமன் பழையபடி அசட்டுச் சிரிப்புக்குத் திரும்பிவிடுகிறான். அந்தப் பெல்சோர் பகுதி நீளம் என்று குறைசொல்பவர்களும் உண்டு. எனக்கு நீளம் ஒரு குறையாகப் படவில்லை. அந்த அனுபவம் கேரமனை ஒரு அங்குலம்கூட மாற்றாததுதான் குறை.

பிறகு அந்தத் தேர்வு. வேரெத் காட்டில் இருக்கும் கோபுரம். தலைமை மந்திரவாதி பார்-சாலியன். தோற்றவர்கள் உயிரோடு வெளியே வர முடியாத தேர்வு. அதற்குப் போகும் மிக இளையவர்களில் ஒருவன் ரைஸ்ட்லின். மாயக்காட்சிகளின் நடுவே ஃபிஸ்டான்டான்டிலஸ் என்ற பழைய மந்திரவாதியின் ஆவி அவனிடம் பேரம் பேசுகிறது. உன் உயிராற்றலில் பங்கு கொடு, நான் பலம் தருகிறேன் என்கிறது. அவன் சம்மதிக்கிறான். கடைசியில், சோர்ந்து விழுந்து கிடக்கும் நேரத்தில் கேரமன் வந்து காப்பாற்றுகிறான். வாளால் காப்பாற்றியிருந்தால் வழக்கமான கடன்தான். இந்த மாயக் கேரமன் மந்திரம் போட்டுக் காப்பாற்றுகிறான், அதுவும் வெகு சுலபமாக. ரைஸ்ட்லின் தனக்கென்று வைத்திருந்த ஒரே பொருளும் அண்ணனுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அந்த நொடியில் அவனைக் கொன்றுவிடுகிறான். உண்மையான கேரமன் அதைப் பார்க்கும்படி செய்யப்படுகிறான்.

தேர்வுக்கு ஒதுக்கிய பக்கங்கள் குறைவு என்பது ரசிகர்களின் பொதுவான மனக்குறை. நாவல் முழுக்க அதை நோக்கி நடந்துவிட்டு, வந்ததும் அவசரமாக முடிகிறது என்கிறார்கள். சிறுகதையை முன்பே படித்திருந்தவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது சொற்பம். என் புகார் அந்தப் பக்கங்களுக்கு அப்பால் இருக்கிறது. தங்கத் தோலோடும், எல்லாவற்றிலும் சாவையே காணும் கண்களோடும் தம்பி வெளியே வருகிறான். அந்தக் கண்கள் இரக்கம் கற்பதற்காகக் கொடுக்கப்பட்ட தண்டனை என்று சொல்லப்படுகிறது. சரி. தன்னைக் கொன்றவனைத் தாங்கிப் பிடித்து ஊருக்குக் கூட்டிப்போனவனுக்கு என்ன கற்பிக்கப்பட்டது? தம்பி தன்னை மனதறிந்து கொல்வான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் எழுந்து அவனுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறான் இந்த மனிதன். அதை அசடு என்று எடுத்துக்கொள்வதா, துணிச்சல் என்பதா? மன்னிப்பு என்பதா, பழிவாங்கல் என்பதா? ஒரு பெரிய நாவலுக்குரிய கேள்வி அது. ரைஸ்ட்லினுக்கு அது பழிவாங்கலாகத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மன்னிக்கப்பட்ட கொலையைவிடப் பெரிய கடன் ஏது?

முன்பின் முரண்களைக் கணக்கெடுப்பவர்கள் தனி இனம். 1984 சிறுகதைக்கும் நாவலுக்கும் தேர்வு விவரங்கள் எங்கெங்கே பொருந்தவில்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். நல்ல பொழுதுபோக்கு, ஆனால் எனக்கு ஆர்வமில்லை. 1990இல் கெவின் ஸ்டைன் எழுதிய 'பிரதர்ஸ் மஜேர்' இதே இரட்டையர்களைப் பூனைகள் காணாமல் போகும் மெரெக்லார் என்ற நகரத்துக்கு அனுப்புகிறது. தேர்வுக்குப் பின் நடக்கும் துப்பறியும் கதை. படிக்கச் சுவாரசியம்தான். ஆனால் அதில் அண்ணன் முறுக்கிய தோளோடும் தம்பி முணுமுணுப்போடும் உள்ளே வந்து, அப்படியே வெளியே போகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் வைஸ் எடுத்துக்கொண்ட வேலையின் கடுமை தெரியும்.

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: தயவுசெய்து இதிலிருந்து தொடங்காதீர்கள். காலவரிசைப்படி இது முன்னால் வருகிறது என்பதற்காக இதை முதலில் எடுத்தவர்களில் பலர், எரிச்சல்பிடித்த ஒரு பையனின் பள்ளிக் கதை என்று பாதியில் வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1986 நூல்களின் கடைசியில் ரைஸ்ட்லின் என்ன செய்கிறான் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பையனைச் சகித்துக்கொள்ளத் தோன்றும். தெய்வமாகும் தூரத்துக்குப் போனவன், தான் வென்ற உலகம் எப்படி இருக்கும் என்பதை அண்ணன் வாயிலிருந்து கேட்டு, அண்ணனைப் பாதாள உலகத்திலிருந்து வெளியே அனுப்பிக் கதவை மூடிவிட்டுத் தான் உள்ளேயே தங்கிவிடுகிறான். கடைசியில் கேரமன்தான் உண்மையைச் சொல்கிறான், ரைஸ்ட்லின்தான் காப்பாற்றுகிறான். வாழ்நாளில் முதல்முறையாக வேலை மாறுகிறது. அதை முதலில் படியுங்கள்.

கேரமனுக்கு இழைத்த அநீதிக்கு வைஸ் பிராயச்சித்தம் செய்தாரா? ஒருவிதத்தில் செய்தார் என்பேன், அதுவும் கேரமனை விட்டுவிட்டு. 1999இல் டான் பெரினோடு சேர்ந்து எழுதிய 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' தொடர்ச்சியில் இருவரும் ஒரு பிரபுவின் கூலிப்படையில் சேர்கிறார்கள். ரைஸ்ட்லின் போய் நிற்பது ஹார்கின் என்ற படைமந்திரவாதியிடம். கோபுரத் தேர்வின் வாசலைக்கூட மிதிக்காத ஆள், போர்க்களத்தில் பழகிப் பழகிக் கற்றவர். மற்றவர்கள் பயபக்தியோடு வணங்கும் சிவப்பு நிலவின் தேவதையை லூனி என்று செல்லமாகக் கூப்பிடுகிறார். மரணத்தைத் தொட்டு மீண்டுவந்த மேதையைப் பார்த்து அவருக்கு வியப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. இருமினால் இருமு, முடித்ததும் அந்த வேலையைச் செய் என்கிற ரகம். ரைஸ்ட்லின் முதலில் அவரை இகழ்கிறான். பிறகு, தனக்குத் தெரியாதது இவரிடம் இருக்கிறது என்று வேண்டாவெறுப்பாக உணர்கிறான். கேரமன் அந்த நேரத்தில் வேறு இடத்தில், வேறு அதிகாரியிடம் கவாத்து பழகிக்கொண்டிருக்கிறான். முதல்முறையாகத் தம்பியைப் பற்றி நினைக்காமல் ஒரு முழுநாள் போகிறது அவனுக்கு. இரண்டு பேருக்கும் நிறம் வந்துவிடுகிறது.

'தி சோல்ஃபோர்ஜ்' பிடிக்காத பலருக்கும் இந்த இரண்டாவது நாவல் பிடித்திருப்பதற்கு ஹார்கின்தான் காரணம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஹார்கினை மட்டும் வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் கட்சி பார்க்காமல் வாங்குவேன்.